உறைந்த ஊசி

நர்ஸ் பொன்னி ஊசியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை. ட்யூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். உள்ளே மருந்து வெள்ளைக் கட்டியாக நின்றது.

"அக்கா, இத எதுல வச்சிருந்தீங்க?"

"ஐஸ்லதான்." பரிமளா பெருமையாகவே சொன்னாள். "மீன் பொட்டியில, ஐஸுக்கு நடுவுல. மேல ரெண்டு கை கல்லுப்பு போட்டேன். உப்பு போட்டா நல்லா ஜில்லுன்னு நிக்கும்."

மரக்காணத்தை ஒட்டிய குப்பத்திலிருந்து திண்டிவனத்துக்கு மீன் கொண்டுவந்து விற்பவள் அவள். பெட்டி காலியான பிறகு மதியம்தான் இந்த டயாலிசிஸ் சென்டருக்கு வருவாள். கணவன் தெய்வசிகாமணி பின்னால் பஸ்ஸில் வந்து சேருவான். இன்று அவனுக்கு டயாலிசிஸைக் காலை ஷிப்டுக்கு மாற்றிவிட்டதால், அவனையும் கூட்டிக்கொண்டு மீன் பெட்டியோடு நேரே வந்துவிட்டாள்.

"ஐயோ, இது உறையவே கூடாதுக்கா. இத்தினி நாளா மதியத்துக்குள்ள உருகிப்போய் வந்திருக்கு. அதான் எனக்குத் தெரியல."

"உறைஞ்சா இன்னா?"

பொன்னி குரலைத் தாழ்த்தினாள். "நல்லா இருக்கற கிட்னி ஒரு ஹார்மோன் சுரக்கும். அது எலும்பு மஜ்ஜைக்குப் போகும். அங்க செல்லுமேல அத வாங்கிக்கறதுக்குன்னே ஏற்பி இருக்கு. அதுல போய் ஒட்டினாதான் சிவப்பணு உண்டாகும். அண்ணனுக்குச் சுரக்கல, அதுக்குத்தான் இந்த ஊசி. உறைஞ்சிட்டா மருந்தோட உருவமே கெட்டுடும். உடம்புக்குள்ள போனாலும் சரியா ஒட்டாது."

"முள்ளு நிமிந்த தூண்டிலு," என்றான் தெய்வசிகாமணி, மெஷினோடு பிணைத்த கையை அசைக்காமல். "மூணு மாசமா என் மருந்துக்கும் சங்கரா மீனுக்கும் ஒரே ஐஸு. நாறாம இருந்தேனே, அத சொல்லு."

பரிமளாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அலையில் படகைத் தோள்கொடுத்துத் தள்ளிய மனுஷன், இப்போது தெருக்குழாய்க்குப் போவதற்குள் மூன்று இடத்தில் நிற்கிறான். ஹீமோகுளோபின் ஆறுக்கும் கீழே இறங்கிவிட்டது. போன வாரம் மேனேஜர் சீனுவாசன் எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஊசிய போடுறீங்களா, வெளிய வித்துடுறீங்களா?"

பொன்னி உறைந்த ஊசியைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்த கொஞ்ச நேரத்தில், அதே சீனுவாசன் ஒரு தாளோடு வந்தார். "இன்னிக்கே ரத்தம் ஏத்தணும்னு டாக்டர் சொல்லிட்டார். கையெழுத்து போடும்மா."

"ரத்தம் ஏத்தாம சமாளிக்கணும்னு அவர்தானே சார் சொன்னாரு? அடுத்தவங்க ரத்தம் ஏறினா, நான் குடுக்கப்போற கிட்னிய இவரு உடம்பு ஒத்துக்காமப் போவலாம்னு?"

"இப்ப மூச்சே வாங்குது. கிட்னிய அப்புறம் பாத்துக்கலாம்."

பரிமளா தாளைப் படித்தாள். ஒன்பதாவது வரை படித்தவள். 'நோயாளி தரப்பினரின் கவனக்குறைவால் மருந்து கெட்டுவிட்டபடியால்' என்று தொடங்கியிருந்தது.

"யாரு கவனக்குறைவு?" குரல் வார்டு முழுக்கக் கேட்டது. "காப்பீட்டுலயே குடுக்க வேண்டிய ஊசி. இருப்பு இல்ல, வெளிய வாங்குன்னீங்க. எங்கூட்ல பிரிட்ஜ் இல்ல, இங்கயே வச்சிக்கிங்கன்னு கெஞ்சினேன். வெளி மருந்துக்கு நாங்க பொறுப்பில்ல, ஐஸ்ல வச்சி எடுத்துக்கினு வான்னு யாரு சார் சொன்னது? உறையக் கூடாதுன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா? அதயும் இதுல எழுதுங்க."

"இது பிரிண்ட் பண்ண ஃபாரம்மா. அதெல்லாம் எழுத எடமில்ல."

"ஓரத்துல எழுதுங்க. இல்ல, நானே எழுதறேன்."

"எழுதினா ஃபாரம் செல்லாது. செல்லலன்னா ரத்தப்பை வராது." அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஜல்தி சொல்லும்மா, ஏத்தட்டுமா வேணாமா?"

தெய்வசிகாமணியின் உதடு வெளுத்து, நெஞ்சு ஏறி இறங்கியது.

"வுடு பரிமளா," என்றான். அதற்கே மூச்சு வாங்கியது.

அவள் பேனாவை வாங்கினாள். ஈரக்கையால் எழுதியதில் மை பரவியது.

சீனுவாசன் தாளை ஊதிக் காயவைத்துவிட்டு, பைலைத் திறந்தார். மேலாக இருந்தது பரிமளாவின் கிட்னி அவனுக்குப் பொருந்துகிறது என்ற பரிசோதனை ரிப்போர்ட். அதன்மேல் இந்தத் தாளை வைத்து, ஓரங்களைத் தட்டிச் சரிசெய்து, பஞ்ச் மெஷினை அழுத்தினார். இரண்டு தாளிலும் சேர்ந்தாற்போல் ஓட்டை விழுந்தது.