உள்ளான் கிழக்கே போனது

1942 ஏப்ரலில் ஒரு பிற்பகல், ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையிலிருந்த ‘உள்ளான்’ என்று பறவைப் பெயரிட்ட கடற்படை விமானத்தளம், ஓடுபாதை, சமையற்கூடம், கொடிக்கம்பம் சகிதம் கடலுக்குள் போய்விட்டுத் தேநீர் நேரத்துக்குத் திரும்பியது. அன்று சந்தையில் ஹேடக் மீன் விலை சற்று இறங்கியிருந்தது.

டர்னிப் கிழங்கு வயல்களுக்கு நடுவே இருந்தாலும் கடற்படை வழக்கப்படி அது கப்பல். பயிற்சிப் பிரிவின் தலைவர் கமாண்டர் கிரைட்டன் அதில் ஒரு சொல் விட்டுக்கொடுக்கமாட்டார். தரையை மேல்தளம் என்றே சொல்ல வேண்டும். வாசலைத் தாண்டுவது கரைக்குப் போவது. அதற்கு இல்லாத படகுக்காக வரிசையில் நிற்க வேண்டும். இத்தனை கப்பல் பேசியவர் போர் தொடங்கியதிலிருந்து கடலில் கால் நனைத்ததில்லை. மாற்றல் கேட்டபோதெல்லாம், பயிற்சிக்கு அவரைப்போல் ஆள் கிடைக்காது என்று புகழ்ந்து மறுத்தார்கள். அவரிடம் வரைபடமும் திசைகாட்டியும் பழகிய பையன்களோ மீசை அரும்புமுன் கப்பலேறினார்கள். வழியனுப்பும்போது அவர்களுடைய பெட்டிகளைக்கூட அவரால் நேராகப் பார்க்க முடியவில்லை.

அந்தப் பொறாமையில்தான் அவர் ஒரு பாடம் கண்டுபிடித்தார். விமானங்களைச் சுமக்கும் தாய்க்கப்பல் நின்ற இடத்தில் நிற்காது. ஆகவே உள்ளானும் கிழக்கே போய்க்கொண்டிருப்பதாக வைத்துக்கொண்டு, பறக்கும் பையன்கள் அது போய்ச் சேர்ந்திருக்கும் இடத்தைக் கணித்துத் திரும்ப வேண்டும். எல்லாரும் தலையாட்டிவிட்டு, தேவாலயக் கோபுரத்தைப் பார்த்துத் திரும்பி வந்தார்கள். நகைச்சுவையே அறியாத கிளாஸ்கோ வங்கி எழுத்தர் வேலையை விட்டு விமானத்தில் வழிகாட்டப் பழக வந்த கெடிஸ் மட்டும் கணக்கை நம்பினான்.

“கோபுரம் அந்தப் பக்கம்டா,” என்றான் விமானி.

“தளம் கிழக்கே போகுதுன்னு கமாண்டர் சொல்லியிருக்காரு. நீ ஓட்டு.”

கணித்த இடத்தில், நடுக்கடலில், ஓடுபாதை இருந்தது. சமையற்காரர் விளிம்பில் குனிந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார். கமாண்டர் மட்டும் இல்லை. முறைப்படி படகேறி, முடிவெட்டக் கரைக்குப் போயிருந்தார்.

கடற்படைத் தலைமை விசாரித்து, கப்பல் கடலில் போவதில் முறைகேடு ஏதுமில்லை என்று முடிவு செய்தது. கிரைட்டன் அதன்பின் மிதவைச் சட்டையைக் கழற்றாமல் தளத்திலேயே கிடந்தார். அவர் உள்ளே இருந்தவரை அது ஓர் அங்குலம் நகரவில்லை. தபால்தலை வாங்க வெளியே போனார், தளம் போய்விட்டது.

மே மாதத்தில் ஒருநாள் கெடிஸ் கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்தான். கமாண்டர் கொடிக்கம்பத்தைக் கட்டிப் பிடித்திருந்தார். தளம் அசையவில்லை.

“அவனைக் கரைக்கே திரும்பச் சொல்லு,” என்றார் காவலனிடம்.

“ரேடியோவைத் தொடக்கூடாதுன்னு உத்தரவு சார். நீங்க போட்டதுதான். கெடிஸுக்கு எரிபொருள் முடியற நேரம்.”

கமாண்டர் கம்பத்தை விட்டார். வாசலுக்கு நடந்தார்.

“வரிசையில நில்லுங்க சார். படகு இன்னும் வரல,” என்றான் பின்னாலேயே வந்த காவலன்.

நின்றார். வந்ததும் ஏறினார். அவர் கால் டர்னிப் வயலில் பட்டதும் பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. வயலுக்குச் சொந்தக்காரி திருமதி ரத்வன், “சும்மாதானே நிக்கிறீங்க,” என்று களைக்கொத்தியை நீட்டினாள்.

தேநீர் நேரத்தில் கெடிஸ் முழங்கால்வரை நனைந்து வந்து நின்றான்.

“கடல் எப்படி?”

“பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல சார். குளம் மாதிரி.”

அவன் பூட்ஸுக்குள்ளிருந்து ஒரு ஹெர்ரிங் மீன் துள்ளி விழுந்தது. இருவரும் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. போர் முடியும்வரை கமாண்டர் தினமும் மதியம் கரைக்குப் போனார். அந்த வருஷங்களில் ரத்வனுடைய டர்னிப் நன்றாக விளைந்தது; சற்று உப்புக் கரித்தது.