தள்ளாடாத செல்

என் பேட்டரி தேர்வில் பாஸாகிவிட்டது என்று மேரு என்ற ஊரில் உள்ள எங்கள் தொழிற்சாலையே கைதட்டியது. நான் மட்டும் கைதட்டவில்லை.

நாங்கள் செய்வது மீன்பிடிப் படகுகளின் அபாயக் கருவிக்கான லித்தியம் செல். சார்ஜ் ஏற்ற முடியாத வகை. வருடக்கணக்கில் சும்மா கிடக்கும். படகு கவிழ்ந்தால் அந்த நொடியே எழுந்து சிக்னல் அனுப்ப வேண்டும். கிடக்கக் கிடக்க உள்ளே லித்தியத்தின் மேல் ஒரு படலம் கட்டும். அது செல்லைக் காப்பாற்றும். ஆனால் தடித்துவிட்டால், செல் எழுவதற்குள் ஆள் மூழ்கிவிடுவான். படலத்தை மெலிதாகவே வைத்திருக்க நான் ஒரு சேர்மானம் கண்டுபிடித்திருந்தேன். அதைப் போட்ட செல்களை ஒரு வருடம் சூட்டுப் பெட்டியில் வேகவைத்தோம். பல வருடம் அலமாரியில் கிடந்ததற்கு அது சமம்.

இன்றைக்குத்தான் அவற்றை வெளியே எடுத்து, கஸ்டமர் முன்னால் சோதித்தார்கள். திரையில் மின்னழுத்தக் கோடு ஆணி அடித்த மாதிரி நேராக நின்றது.

"ஃபஹீமா, சூப்பர் லா! பிரிக்பீல்ட்ஸ்ல வாழையிலைச் சாப்பாடு, நான் பெலாஞ்சா, எல்லாம் என் செலவு!" என்றார் மேனேஜர் ராஜன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் சேர்மானம் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், ஒரு வருடம் வெந்த செல் கொஞ்சமாவது தள்ளாடித்தான் எழும். இப்படித் துள்ளி எழுவது நேற்றுப் பிறந்த செல். சூட்டுப் பெட்டியின் சாவி இருப்பது ஒரே ஒருவரிடம். சோதனைக் கூடத்துக்குப் பொறுப்பாளர், என் கணவர் இல்யாஸ்.

எல்லோரும் போகும்வரை காத்திருந்தேன்.

"மச்சான், செல்லை மாத்துனீங்களா?"

அவர் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"போன வாரம், உன்னோடதோட சேர்ந்து வெந்த பழைய ஃபார்முலா செல்லைப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் செத்துப் போச்சு. உன்னோடதும் அப்படித்தான் போகும்னு... கஸ்டமர் முன்னால நீ அசிங்கப்படக் கூடாதுன்னுதான் புதுசை வச்சேன்."

"என்னோடதைப் போட்டுப் பார்த்தீங்களா?"

"இல்ல."

நிக்காஹ் முடிந்த நாளிலிருந்து இவரிடம் ஒன்றையும் நான் மறைத்ததில்லை. அந்தச் சேர்மானம் பிடிபட்ட அன்று முதலில் போன் போட்டதே இவருக்குத்தான். சபாஷ் என்றார். அந்த சபாஷ் பொய்.

என் செல்கள் ஸ்டோரில் கழிவு வாளியில் கிடந்தன. ஷார்ட் ஆகாமல் இருக்க முனைகளுக்கு அழகாக டேப் ஒட்டியிருந்தார். அந்த விஷயத்தில் குறையே சொல்ல முடியாது. ஒன்றை எடுத்து இணைத்தேன். கோடு லேசாகச் சரிந்தது, உடனே எழுந்து நின்றது. அடுத்ததும் அப்படியே. எல்லாமே அப்படியே. சந்தோஷத்தில் அழுதேன், அழுகை முடிவதற்குள் அது ஆத்திரமாகிவிட்டது.

பின்னால் நின்ற அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா, பாஸ் ஆயிடுச்சு! அப்புறம் என்ன? யாருக்குத் தெரியப் போகுது?"

ஒரு வாரம் கழிவு வாளியில் உருண்ட செல்லின் சாட்சியை யார் ஏற்பார்? உண்மையைச் சொன்னால் எல்லாம் முதலிலிருந்து, இன்னொரு வருடம். சொல்லாவிட்டால் திரையில் தெரிந்த பொய்யை நம்பி யாரோ கடலுக்குப் போவார்கள். எதிரி செய்திருந்தால், கூட இருந்தே குழி பறித்தான் என்று திட்டித் தீர்த்திருப்பேன். இவர் இதற்குப் பாசம் என்று பெயர் வைத்திருக்கிறார்.

ராஜனுக்கு போன் போட்டேன்.

"என் வேலை போயிடும் ஃபஹீமா! மன்னிச்சிடு, பிளீஸ்" என்று இல்யாஸ் என் கையைப் பிடித்தார்.

"என் செல் ஃபெயில் ஆகியிருந்தா மன்னிச்சிருப்பேன் மச்சான்" என்றேன்.

மறுமுனையில் ராஜன் போனை எடுத்தார்.