நீங்க முதல்ல கதையுங்க, மரைக்கார்

அபூசாலி மரைக்கார் மனப்பாடம் செய்திருந்தது ஒரே ஒரு வாக்கியம். நாற்பது வருடம் வயல் செய்தவருக்கு, விதைப்பு நாளும் வாய்க்கால் முறையும் பிசகாமல் சொல்லக்கூடியவருக்கு, ஒரு வாக்கியம் பெரிய சுமையல்ல. ஆனாலும் மனைவி பாத்துமுத்து அவர் தொப்பியைக் கையில் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, மூன்று முறை சொல்லச் சொன்னாள்.

"மாரியில வயல் ரோட்டு வெள்ளத்துக்குள்ள போகும், பிள்ளப்பேத்து வார்ட்ட இஞ்சயே விடுங்க."

"இன்னொருக்கா."

"என்னகா நீ, நான் என்ன ஓதற பள்ளிக்கூடத்துப் புள்ளயா?"

"ஓதற புள்ளயெண்டா நான் பயப்பிட மாட்டன். நீங்க மரைக்கார். அதுதான் பயம்."

அந்தப் பயம் காரணமில்லாதது அல்ல. கல்முனைக்குத் தெற்கே, கடலுக்கும் வயலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் அந்த ஊரில் ஏழு குடிகள். தாய்வழியாக வரும் குடி ஒவ்வொன்றுக்கும் பள்ளிவாசலில் ஒரு மரைக்கார். சபையில் குடியின் வாய் அவர்தான். அவர் வாய் திறக்குமுன் அவருடைய குடியில் வேறொருவர் வாய் திறப்பதில்லை. ஏழு மரைக்கார்களுக்கும் மேலே ஒரு தலைமை மரைக்கார் இருந்தார். வெற்றிலைத் தட்டு முதலில் அவரிடம் போகும். முதல் வார்த்தையும் அவரிடமிருந்தே வரும். சுனாமி அவரைக் கொண்டுபோனது. அந்த இடத்துக்கு உரியவர்கள் இரண்டு பேர்: அபூசாலி, மீராசா. நாலரை வருடமாகியும் தீர்ப்பு இல்லை. இதற்குள் முப்பது வருட யுத்தமே முடிந்துவிட்டது.

இருவரும் சண்டை பிடித்திருந்தால் ஊர் ஒரு வாரத்தில் விலக்கித் தீர்த்திருக்கும். அவர்கள் சண்டை பிடிக்கவில்லை. விட்டுக்கொடுத்தார்கள். முந்திப் பேசுகிறவன் பதவிக்கு ஆசைப்பட்டவன், விட்டுக்கொடுக்கிறவனே பெரியவன் என்று ஊர் நினைக்கும் என்பதை இருவரும் நன்றாக அறிவார்கள். ஆகவே யார் அதிகமாக விட்டுக்கொடுப்பது என்பதில் அவர்களுக்கிடையே ஓயாத போட்டி.

2009 ஆவணியில் அந்தப் போட்டி, ஒரு பிள்ளைப்பேற்று விடுதியின் வாசலுக்கு வந்து நின்றது.

கடற்கரை ஆஸ்பத்திரியில் சுனாமிக்குப் பிறகு எஞ்சியது அந்த விடுதி மட்டும்தான். அத்திவாரத்தை அளவுக்கு மிஞ்சி உயர்த்திவிட்டார் என்று ஒரு காலத்தில் ஊர் திட்டிய கொந்தராத்துக்காரரின் பிழையால் அது தப்பியது. மற்ற விடுதிகளுக்குப் பதிலாக, கடலிலிருந்து நாலு மைல்கட்டை தொலைவில், வயல் நடுவே வெளிநாட்டு உதவியில் புதிய ஆஸ்பத்திரி எழும்பியிருந்தது. இப்போது பழைய வளவை என்ன செய்வது என்று மக்களிடம் கேட்கப் போகிறார்கள். கடலோரத்தில் நோயாளிகளை வைத்திருப்பது ஆபத்து என்பதால் பிள்ளைப்பேற்று விடுதியையும் வயலுக்கு மாற்றிவிட்டு, அதே இடத்தில், அறுகம்பேக்கு அலைச்சறுக்கப் போகும் வெள்ளைக்காரர் இறங்கி இளைப்பாற ஓர் ஓய்வு மண்டபம் கட்டுவது திட்டம். கடலுக்கு நோயாளிகள்மீதுதான் கோபம், உல்லாசப் பயணிகள்மீது இல்லை என்று திட்டம் எழுதியவர்கள் எப்படியோ அறிந்திருந்தார்கள்.

அபூசாலியின் மகள் றஸ்னாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு ஆஸ்பத்திரி மதிலுக்கு அடுத்த ஒழுங்கையில் இருந்தது. அவள் வயிற்றில் இரண்டாவது பிள்ளை. விடுதியில் பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவமாது ஸாலிஹா முதல்நாளே வந்து மரைக்காரிடம் விவரமாகச் சொல்லியிருந்தாள்.

"மாமா, றஸ்னாக்கு டிசம்பர் ரெண்டாம் கிழம. மூத்தவனுக்கு ரெத்தம் போன மாதிரி இதுக்கும் போனா, வெள்ளத்துக்குள்ளால நாலு கட்ட கொண்டு போக ஏலாது. நான் அரசாங்க உத்தியோகம். கூட்டத்துல எழும்பினா அடுத்த கிழம இடமாத்தம். நீங்க ஒரு வசனம் கதைங்க, போதும்."

"ஓம் மகள். ஒரு வசனம்தானே."

கூட்டம் பாடசாலை மண்டபத்தில். குர்ஆன் கிறாஅத் ஓதி, வரவேற்புரை நிகழ்ந்து, கொழும்பு ஆலோசனை நிறுவனமொன்றிலிருந்து வந்த சுபாஸ்கரன் என்ற இளம் உத்தியோகத்தர் ஒலிவாங்கியைப் பிடித்தார். நல்ல மனிதர். மக்களின் குரலைக் கேட்பதில் மெய்யாகவே ஆர்வமுள்ளவர். உடன்பாட்டுக்குப் பச்சை, சந்தேகத்துக்கு மஞ்சள், ஆட்சேபனைக்குச் சிவப்பு என்று நிறத்தாள்கள் கொண்டுவந்திருந்தார். அவர் செய்த ஒரே பிழை, அந்த ஊரில் எவரும் செய்யத் துணியாத பிழை.

"இங்க பெரியவர், சின்னவர் எண்டு இல்ல," என்றார் புன்னகையோடு. "ஆரும் முதல்ல கதைக்கலாம்."

நூற்றிருபது பேர் முன்வரிசையைப் பார்த்தார்கள். முன்வரிசையில் ஐந்து மரைக்கார்கள் மற்ற இருவரைப் பார்த்தார்கள். அபூசாலியின் நாக்கு நுனியில் வாக்கியம் தயாராக நின்றது. அவர் பக்கத்துக் கதிரைப் பக்கம் சற்றே சாய்ந்தார்.

"நீங்க முதல்ல கதையுங்க, மரைக்கார்."

மீராசா பதறிப்போனவர்போல் நெஞ்சில் கை வைத்தார். "அல்லாவே! நீங்க இருக்க நான் கதைக்கிறயா? வயசுல நீங்க மூப்பு."

"வயசு மூணு மாசம். குடியில நீங்க மூப்பு."

"குடி கிடக்கட்டும். ஹஜ்ஜுக்கு முதல்ல போனது நீங்க."

"போனது நான். நிய்யத்து வெச்சது நீங்க முதல்ல."

பின்வரிசையிலிருந்து தேநீர்க்கடை மஜீட் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது: "இவங்க ரெண்டு பேரும் முடிக்கிறதுக்குள்ள கடல் இன்னொருக்கா வந்துட்டுப் போயிரும்."

வற்றிய குளம் ஒன்றில் ஒரே ஒரு மீன் மிஞ்சியிருந்ததாம். கரையில் இரண்டு கொக்குகள். "தாங்கள் மூத்தவர், தாங்கள் கொத்துங்கள்" என்றது ஒன்று. "தங்கள் முன்னிலையில் நான் வாய் திறப்பதா?" என்றது மற்றது. அவை ஒன்றையொன்று வணங்கி நிமிர்வதற்குள் மீன்கொத்தி வந்து, எவரையும் வணங்காமல், மீனைக் கொண்டுபோய்விட்டது. கொக்குகள் இரண்டும் தத்தம் பண்பை மெச்சிக்கொண்டு பட்டினியோடு பறந்தன. கதை அங்கே முடிகிறது. அந்தக் கொக்குகளுக்கு டிசம்பரில் பிள்ளை பெறப் போகும் மகள் இருக்கவில்லை.

அபூசாலிக்கு இருந்தாள். பெண்கள் பக்கத்திலிருந்து ஸாலிஹாவின் பார்வை பிடரியில் ஊசியாக இறங்குவதை அவர் உணர்ந்தார். எழும்பு, எழும்பு என்றது உள்மனம். எழும்பினால் நாலரை வருடத்து விட்டுக்கொடுப்பும் ஒரு நொடியில் போய்விடுமே என்றது அதற்கும் உள்ளே இருந்த இன்னொரு மனம். மீராசா வாய் திறந்துவிட்டால் அடுத்த நிமிடமே தான் பேசிவிடலாம். ஒரு நிமிடம் பொறுக்கலாம் என்று அவர் நினைத்தார். பக்கத்துக் கதிரையில் மீராசாவும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

இருவரும் நாற்பது நிமிடம் பொறுத்தார்கள்.

"அப்ப, ஆருக்கும் ஆட்சேபனை இல்லத்தானே?" என்று சுபாஸ்கரன் கடைசியாகக் கேட்டார். மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. அவர் கண்கள் கலங்கின. இத்தனை அமைதியான கூட்டத்தை அவர் எங்கும் கண்டதில்லை.

கூட்டம் முடிந்து தேநீரும் றோல்ஸும் வந்ததும் மண்டபத்தில் பெரும் ஆரவாரம் எழுந்தது. மரைக்கார்கள் முன் வாய் திறப்பதற்குத்தான் ஒழுங்கு உண்டு. றோல்ஸ் முன் இல்லை. "மாரியில வயல் ரோட்டு தாண்டா" என்றார்கள். "வார்ட்ட இஞ்சயே விடுங்க" என்றார்கள். ஒரு மணித்தியாலம் எல்லோரும் கதைத்தார்கள். சுபாஸ்கரனின் எழுதுவினைஞர் ஏடுகளைக் கட்டி வான் வண்டியில் ஏற்றிவிட்டிருந்தார். அவர் காதில் விழுந்தது, தேநீரை ருசி பார்த்துவிட்டு மஜீட் சொன்னது மட்டும்தான்.

இரண்டு மாதத்தில் அறிக்கை பள்ளிவாசல் அறிவித்தல் பலகைக்கு வந்தது. "சமூகம் திட்டத்துக்குக் கண்ணியமான, முழுமையான உடன்பாட்டை வெளிப்படுத்தியது. ஆட்சேபனை: இல்லை. கிடைத்த ஒரே கருத்து: தேநீருக்குச் சீனி போதாது."

பாத்துமுத்து அன்று சோற்றை வைத்தாள். கறியை வைக்க மறந்தாள். மறதிதானா என்று கேட்க அபூசாலிக்குத் துணிவு வரவில்லை.

விடுதி ஐப்பசியில் வயலுக்குப் போனது. கட்டில்களை லொறியில் ஏற்றிய பிறகு ஸாலிஹா வெறும் கட்டிடத்தைப் பூட்டினாள். திறப்பை எவரும் கேட்கவில்லை. அவள் அதைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

டிசம்பர் இரண்டாம் கிழமை, சொல்லிவைத்தாற்போல மழை. நாலு நாளில் வயலும் வாய்க்காலும் ரோட்டும் ஒரே வெள்ளமாயின. ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு றஸ்னாவுக்கு நோவு கண்டது. பின்னாலேயே இரத்தமும் கண்டது. ஸாலிஹா பார்த்துவிட்டு ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "கெதியா."

மீராசா மரைக்கார் கேள்விப்பட்டு, எவரும் கேட்காமலே, தன் உழவு இயந்திரத்தை இழுவைப் பெட்டியோடு கொண்டுவந்து நிறுத்தினார். அதை மறக்கக்கூடாது, அவர் கெட்ட மனிதரல்ல. ஆனால் மதகடியில் தண்ணீர் உழவு இயந்திரத்தின் மூச்சை நிறுத்திவிட்டது. அங்கே நின்றது ஒரு மீன்பிடி வள்ளம். சுனாமிக்குப் பிறகு உதவியாகக் கிடைத்த நீல வள்ளம். பக்கத்துத் தமிழ்க் கிராமத்துக் கதிர்காமனுடையது. கடல் கொந்தளிப்பால் தொழில் இல்லாத கதிர்காமன், அதை வயலுக்குள் இறக்கி, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான்.

"கடலுக்குக் கிட்ட இருந்த ஆஸ்பத்திரிக்கு நடந்து போனம்," என்றான் அவன், றஸ்னாவைப் பாயோடு தூக்கி வைத்தபடி. "கடலுக்குத் தூரமெண்டு கட்டினாங்க, இப்ப வள்ளத்துல போறம். ஆ, மருத்துவமாது ஏறிட்டா. இன்னும் ஒராள் ஏறலாம். கெதியா!"

முழங்கால் தண்ணீரில் இரண்டு மரைக்கார்கள் நின்றார்கள்.

அபூசாலியின் ஒரு கால் வள்ளத்தை நோக்கித்தான் எழுந்தது. இதை அவருக்காகச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பழக்கம் காலைவிட வேகமானது.

"நீங்க ஏறுங்க, மரைக்கார். உங்கட மெசின்ல வந்தது நாங்க."

"சே, சே! உங்கட மகள். நீங்க ஏறுங்க."

"மகள் எண்டாலும், மரியாத எண்டு ஒண்டு..."

"வாப்பா!" என்று றஸ்னா அலறினாள்.

கதிர்காமன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்; பிறகு தாங்குகம்பை ஊன்றித் தள்ளினான். "நீங்க ரெண்டு பேரும் விட்டுக்குடுத்து முடிச்சுட்டு வாங்க. புள்ள ஆருக்கும் விட்டுக்குடுக்காது."

வள்ளம் தூரத்தில் சிறுத்துப் போயிற்று. அபூசாலி நெஞ்சளவு தண்ணீர் வரை ஓடினார். அங்கே நின்றுகொண்டு, ஆவணியில் சொல்ல வேண்டியதை மார்கழியில், வெறும் வெள்ளத்தைப் பார்த்துக் கத்தினார்:

"மாரியில வயல் ரோட்டு வெள்ளத்துக்குள்ள போகும்! பிள்ளப்பேத்து வார்ட்ட இஞ்சயே விடுங்க!"

பின்னால் மீராசா மெல்லச் சொன்னார்: "நானும் இதத்தான் கதைக்க இருந்தன், மரைக்கார். நீங்க கதைச்ச பொறகு."

பிள்ளை வள்ளத்தில் பிறந்தது. பெண் பிள்ளை. ஆஸ்பத்திரியில் றஸ்னாவுக்கு மூன்று போத்தல் இரத்தம் ஏற்றினார்கள், பிழைத்தாள். அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால் என்று ஸாலிஹா தொடங்கிய வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. அபூசாலி முடிக்கச் சொல்லவுமில்லை.

மாசியில் சுபாஸ்கரன் மறுபடியும் வந்தார். அதே மண்டபம், அதே நிறத்தாள்கள். தேநீருக்கு மட்டும் இரட்டிப்புச் சீனி. பழைய விடுதியை அடுத்த மாதம் இடிப்பது, எழும்பப் போகும் ஓய்வு மண்டபத்துக்கு என்ன நிறம் பூசுவது என்பதே பொருள். கிறாஅத் முடிந்தது. வரவேற்புரைக்கு ஒருவர் ஒலிவாங்கியை நோக்கி நடந்தார். அவர் போய்ச் சேருவதற்குள் முன்வரிசையில் ஒரு கதிரை கிறீச்சிட்டது.

அபூசாலி மரைக்கார் எழும்பிவிட்டார்.

நூற்றிருபது பேரும் அவரைப் பார்த்தார்கள். மீராசா மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

"நிறத்தப் பொறகு பாப்பம்," என்றார் அபூசாலி. "மாரியில வயல் ரோட்டு வெள்ளத்துக்குள்ள போகும். என்ட பேத்தி வள்ளத்துல பிறந்தவ. கடற்கரையில இன்னும் பதினாலு புள்ளத்தாச்சி இருக்காங்க. வார்ட்ட இடிக்காதீங்க. வார்ட்டுத் திறப்பு ஒரு கைப்பைக்குள்ள பத்திரமாக் கிடக்கு. இது என்ட ஆட்சேபன. எழுதுங்க. நான் பாத்துக்கிட்டு நிக்கிறன்."

அதற்குப் பிறகு நூற்றிருபது பேரும் கதைத்தார்கள். சிவப்புத் தாள் போதாமல் போயிற்று. அது இன்றைய பொருளுக்குள் வராது, ரோட்டு வேறு திணைக்களம், விடுதி வேறு திணைக்களம் என்று சுபாஸ்கரன் சொல்லிப் பார்த்தார். கடைசியில் நல்ல மனிதர் நல்ல மனிதராகவே எழுதினார்: "இடிக்கும் வேலை மீளாய்வு முடியும் வரை நிறுத்தப்படுகிறது." மீளாய்வுகள் எவ்வளவு காலம் எடுக்கும் என்பதை அந்த ஊர் அறியும், முதன்முறையாக அதை ஓர் அருளாக எண்ணியது.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின், பள்ளிவாசலில் ஐந்து வருடத்து வழக்கு ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. வரவேற்புரைக்குக்கூட நில்லாமல் முந்திக்கொண்டவர் அபூசாலி. பொறுமையோடு இருந்தவர் மீராசா. பெரியவர் யார் என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. வெற்றிலைத் தட்டு மீராசா மரைக்காரிடம் முதலில் போனது. அவர் அதை வாங்கிக்கொண்டு, அபூசாலியின் முகத்தைப் பார்க்க முடியாமல், நெடுநேரம் பாக்கைத் தேடினார்.

இரண்டாவதாகத் தட்டு வந்தபோது அபூசாலி ஒரு வெற்றிலை எடுத்தார். பிறகு பாத்துமுத்துவுக்கென்று இன்னொன்றும் எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வாசலில் அறிவித்தல் பலகையில் புதிய அறிக்கை ஒட்டியிருந்தது. செருப்பைப் போட மறந்து அவர் அதை வாசித்தார். "ஆட்சேபனை: ஒன்று." மற்ற நூற்றிருபது பேரும் அவருடைய கருத்தையே வழிமொழிந்ததால் தனித்தனியே பதியப்படவில்லை என்று கீழே சிறிய எழுத்தில் இருந்தது. அவருக்கு அதில் ஆட்சேபனை எதுவும் இருக்கவில்லை.