தலைக்குள் கேட்ட கொட்டு

பொழுது விடிந்தும் விடியாததுமாக ஓட்டுநரின் தலைக்குள் அந்தச் சத்தம் தொடங்கிவிடும். டரரரர் என்று ஒரே மூச்சில் அதிர்ந்து அடங்கும். கொஞ்சம் பொறுத்து மறுபடியும். பதறி எழுந்து கதவைத் திறந்தால் நின்றுவிடும். வெளியே மழைக்காடு ஈரம் சொட்ட நிற்கும். ஆளரவமே இருக்காது.

அவருடைய அண்ணனுக்கும் காதுக்குள் இரைச்சல் என்றுதான் ஆரம்பித்தது. மூளையில் கட்டி என்று கண்டுபிடிப்பதற்குள் எல்லாம் கைமீறிப் போயிற்று. இவரோ மலைப்பாதையில் பேருந்து ஓட்டுகிறவர். காதில் கோளாறு என்று தெரிந்தால் வண்டியைத் தொட விடுவார்களா? மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்க்கும் நர்ஸ். அவள் வீடு திரும்பும்போது இவர் வண்டியோடு பாதி மலை ஏறியிருப்பார்.

மாதம் பிறந்ததும் அவளைப் பகல் பணிக்கு மாற்றினார்கள். மறுநாள் விடியலில் இவர் போர்வைக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

டரரரர்.

"என்னங்க, எந்திரிங்க! யாரோ கூரையப் பேத்து எடுக்கிறாங்க!"

சடாரென்று எழுந்து உட்கார்ந்தார். "உனக்கும் கேக்குதா?"

"ஊருக்கே கேக்கும். ஏன், உங்களுக்குக் கேக்கலையா?"

"நல்லாக் கேக்குதுடி!" சிரிக்கத் தொடங்கியவருக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. விஷயத்தைச் சொல்லி முடித்தபோது அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வீட்டுல ஒரு நர்ஸ வச்சுக்கிட்டு இத மனசுல போட்டுப் புழுங்கிட்டு இருந்தீங்களா?"

சத்தமில்லாமல் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். கூரையோரத் தகரத்தில் காக்கை அளவுக்கு ஒரு மரங்கொத்தி. கன்னங்கரிய உடம்பு, வெள்ளை வயிறு, ரத்தச் சிவப்பில் கொண்டை. மறுபடியும் தகரத்தில் கொட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தது.

"மாப்பிள்ளை பொண்ணு தேடுறாரு போல," என்றார் ஓட்டுநர். "மரத்துல தட்டினா பத்தாதுன்னு நம்ம தகரத்துக்கு வந்துட்டாரு."

காட்டுக்குள்ளிருந்து மெல்லிய டரரர் ஒன்று பதிலாக வந்தது. பறவை விருட்டென்று அந்தப் பக்கம் பறந்தது.

"நாளைக்கு லீவு போடுங்க. காது டாக்டரப் பாத்துட்டு வந்துடலாம்."

"அதான் பறவைன்னு தெரிஞ்சு போச்சே?"

"உங்களுக்கு நிம்மதியாயிடுச்சு. எனக்கு?"

டாக்டர் காதிலிருந்து ஒரு உருண்டை அழுக்கை எடுத்துப் போட்டுவிட்டு, வேறொன்றுமில்லை என்று அனுப்பிவைத்தார். திரும்பும்போது, இன்னொருவர் ஓட்டும் வண்டியில் ஒருநாளும் கண்ணசராத ஓட்டுநர், மனைவியின் தோளில் சாய்ந்து, வாய் பிளந்து, மலைப்பாதை முடியும்வரை தூங்கினார்.