இருமலக்காவின் நாற்பத்து மூன்று வீடுகள்

இருமலக்கா என்று பெயர் வைத்தது தெருப் பிள்ளைகள். பிள்ளைகள் வைக்கிற பெயர் பெற்றவர்கள் வைத்ததைவிடக் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். ஆய்வு மையத்து வாட்ச்மேன்கூட அப்படித்தான் கூப்பிட்டார். அவளுக்கு அதில் வருத்தமில்லை. கையில் செல்போனை வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி, மனிதர்களை இருமச் சொல்லிப் பதிவு செய்கிறவளை வேறு என்னவென்று கூப்பிடுவது?

வேலை இதுதான். காசநோய்க்காரர்களின் இருமல் ஒரு பக்கம், நோயில்லாதவர்களின் இருமல் ஒரு பக்கம். இரண்டையும் ஆயிரக்கணக்கில் கேட்கக் கொடுத்தால் கம்ப்யூட்டர் தானே வித்தியாசத்தைக் கற்றுக்கொள்ளுமாம். எக்ஸ்ரேயும் டாக்டரும் எட்டிப் பார்க்காத ஊர்களில், நாளைக்கு ஒரு செல்போன் இருமலைக் கேட்டே ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும்.

நோயாளிகளிடம் இருமல் வாங்குவது சுலபம், கேட்காமலே கொடுப்பார்கள். நன்றாக இருக்கிறவர்களிடம் வாங்குவதுதான் பெரும்பாடு. "இருமுங்க" என்றால் மேடையேறப் போகிறவரைப் போலத் தொண்டையைச் செருமுவார்கள், இல்லையென்றால் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். அதனால் பட்டனை அழுத்திவிட்டு, மாஸ்க்கை இறக்கி, "இப்படி, அடிவயித்துலேர்ந்து" என்று அவளே முதலில் இருமிக் காட்டுவாள். அதைப் பார்த்தால் எப்பேர்ப்பட்ட அழுத்தக்காரருக்கும் இருமல் வந்துவிடும்.

ஏழு மாதம் இப்படி ஓடியது. ஒரு திங்கட்கிழமை டாக்டரம்மா அவளை அறைக்குள் கூப்பிட்டார். ஆய்வுக்குத் தலைவர் அவர்தான். பக்கத்தில் கம்ப்யூட்டர்காரர், எப்போதும் பல்வலி வந்தவர் மாதிரி இருக்கிற மனிதர், அன்று இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வலித்தவராக உட்கார்ந்திருந்தார்.

"நோயில்லாதவங்கன்னு நீங்க எழுதினதுல நாற்பத்து மூணு பேரை மிஷின் நோயாளின்னு சொல்லுது" என்றார் அவர். "எல்லாம் கடைசி ஒன்பது வாரத்துல எடுத்தது. வேற யாரோட பட்டியல்லயும் இப்படி வரல."

டாக்டரம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். "வெயில்ல அலையுறது கஷ்டம்தான். கிளினிக்லயே யாராவது ஒரு நோயாளியை இருமச் சொல்லி, வேற வேற பேர் போட்டு அனுப்பினீங்களா? வேற இடத்துல அப்படி நடந்திருக்கு."

வேலை போனால் போகட்டும், ஏழு மாத உழைப்பு குப்பைக்குப் போனாலும் போகட்டும். பித்தலாட்டக்காரி என்ற பெயரோடு அந்தத் தெருக்களில் எப்படி நடப்பது?

"நான் உப்புப் போட்டுச் சாப்பிடுறவ, டாக்டரம்மா. நாற்பத்து மூணு பேரையும் கூட்டிட்டு வரேன். எக்ஸ்ரே எடுங்க, சளியைப் பாருங்க. ஒருத்தர் குறைஞ்சாலும், ஒருத்தருக்கு நோய் இருந்தாலும் நானே எழுதிக் கொடுத்துட்டுப் போயிடறேன்."

சொன்னபடி கூட்டி வந்தாள். நான்கு நாள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைந்தாள். லாரி டிரைவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, இரட்டைக் குழந்தைக்காரியின் ஒரு குழந்தையைத் தான் சுமந்து, நடக்க முடியாத தையல்காரரை ஆட்டோவில் ஏற்றி, ஒருவர் விடாமல் கொண்டுவந்து சேர்த்தாள். கடைசி ஆள் அவளுடைய நாத்தனாரே. வாய்க்குப் பூட்டு இல்லாதவள். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் மிஷினின் வண்டவாளத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாற்பத்து மூன்று பேரும் சுத்தம். ஒருவருக்கும் நோயில்லை.

"முதல்ல உங்க மிஷினுக்கு எக்ஸ்ரே எடுங்க சார்" என்றாள் நாத்தனார்.

கம்ப்யூட்டர்காரர் சிரிக்கவில்லை. "மத்தவங்க கொடுத்ததுலயெல்லாம் சரியாச் சொல்லுது. இவங்க கொண்டு வந்ததுல மட்டும் ஏன் தப்பணும்? இதுல இருமுறது அந்த ஆளுங்கதானா?" என்று சொல்லி, ஸ்பீக்கரை இழுத்து வைத்தார். அதுவரை அந்தப் பதிவுகளை மனிதக் காது எதுவும் கேட்டதில்லை. கேட்கத்தானே மிஷினை வைத்திருக்கிறார்கள்.

முதல் பதிவு நாத்தனாருடையது. "இப்படி, அடிவயித்துலேர்ந்து" என்று அவள் குரல். உடனே, வெகு பக்கத்தில், கனமாக ஓர் இருமல். அப்புறம்தான், எட்டத்தில், நாத்தனாரின் நாசூக்கான இருமல். அடுத்தது லாரி டிரைவர். அங்கேயும் முதலில் அதே கனமான இருமல். அதற்கடுத்ததிலும் அதேதான். கம்ப்யூட்டர்காரர் நான்கு மாதத்துக்கு முந்திய ஒன்றையும் போட்டார். அதிலும் அவள் இருமிக் காட்டியிருந்தாள். ஆனால் அது வெறும் நடிப்பு இருமல், சத்தம்தான் பெரிது. அதை மிஷினும் நோயென்று சொல்லியிருக்கவில்லை.

"பாத்தீங்களா!" என்று அவள் எழுந்தே விட்டாள். "ஒரே ஆளை வச்சு எடுக்கல. அது என் இருமல். நான் வீடு வீடாப் போயிருக்கேன்!"

நாத்தனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பெயர் தப்பியது என்ற சந்தோஷம்தான் இருமலக்காவுக்கு முதலில் வந்தது. மற்றது ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. இருமல் இருந்தது அவளுக்குத் தெரியாமல் இல்லை. நாள் முழுக்க இருமிக் காட்டுகிறவளுக்குத் தொண்டை கமறாதா என்று இருந்துவிட்டாள். டாக்டரம்மா மேசைமேல் இருந்த சளி டப்பாவை அவள் பக்கம் மெதுவாக நகர்த்தினார்.

இரண்டு நாளில் முடிவு வந்தது. காசநோய்தான்.

"ஆறு மாசம் மாத்திரை. ஒரு நாள்கூட விடக் கூடாது. முழுசாக் குணமாயிடும், வேலையும் உங்களுக்கு இருக்கும்" என்றார் டாக்டரம்மா. இதே வார்த்தைகளை எத்தனையோ நோயாளிகளிடம் அவளே சொல்லியிருக்கிறாள். அவளுக்குத் தன்னைப் பற்றிப் பயம் வரவில்லை.

"அவங்களுக்கெல்லாம் எக்ஸ்ரே சுத்தமாத்தானே இருந்தது?" என்று கேட்டாள்.

"இப்போ சுத்தம். தொத்தியிருந்தா தெரிய மாசக் கணக்காகும். வீட்டுல இருக்கிற எல்லாரையும் திரும்பத் திரும்பப் பாக்கணும்." டாக்டரம்மா பட்டியலை அவள் முன்னால் வைத்தார். தேதி, நேரம், கதவு எண், வீட்டில் எத்தனை பேர், எத்தனை குழந்தைகள் என்று எல்லாமே அவள் எழுதியது. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இதுல ஒன்னு ரெண்டாவது வீட்டுக்குள்ள போகாமலே போனதா எழுதினது இருக்கும். அன்னைக்குக் கேட்ட மாதிரி இல்ல, இன்னைக்கு அப்படி இருந்தா எனக்குச் சந்தோஷம்."

அவள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தாள். தையல்காரரின் ஜன்னல் இல்லாத அறை. இரட்டைக் குழந்தைகள் மடியில் கிடக்க, தாய் இருமிக் கொடுத்த கட்டில். ஒரே ஒரு வீட்டிலாவது பொய் எழுதியிருக்கக் கூடாதா என்று பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஆசைப்பட்டாள்.

"இல்ல டாக்டரம்மா" என்றாள். "எல்லா வீட்டுக்குள்ளயும் போனேன். ஒன்னுகூட விடல."