திமிங்கலத்துக்குக் குறுக்கே நின்ற லாரி

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உடம்பு மட்டும்தான், வாய் இன்னும் டியூட்டியில் இருக்கிறது. எங்கே எந்த வண்டி பின்னால் நகர்ந்தாலும் இவர் ஓடிப்போய் அதன் பின்னால் நின்று, "வரட்டும், வரட்டும்" என்று கையை ஆட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. எங்கள் கல்யாணத்தன்று பாத்திரம் ஏற்றி வந்த வேனுக்கு வழி சொல்லப் போனவரை நாலு பேர் குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு வந்துதான் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தியவள். நான் கரும்பலகையில் வரைந்த திமிங்கலங்களையெல்லாம் கடலில் விட்டால் தண்ணீருக்கு இடம் இருக்காது. ஆனால் நேரில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. எலும்பாகக்கூடப் பார்த்ததில்லை. அதனால், ஏரிக்கரை விடுதியில் விடுமுறைக்குத் தங்கியிருந்தபோது, "பக்கத்து நகரத்து மியூசியத்துல முழுத் திமிங்கல எலும்புக்கூடு தொங்குதும்மா" என்று விடுதிக்காரம்மா சொன்னதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

காலையில் பஸ் ஏறும்போதே சொல்லிவிட்டேன். "ஏங்க, இன்னைக்கு ஒரு நாள் நீங்க பயணி. ஞாபகம் இருக்கட்டும்."

"நான் பயணி இல்லாம வேற யாரு?"

"பயணின்னா சீட்டுல உக்காருவாங்க. படியில தொங்க மாட்டாங்க."

தலையாட்டினார். அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் ஏறியதும் எழுந்துவிட்டார். "உள்ள போங்க, உள்ள போங்க! நடுவுல பந்தே ஆடலாம், அவ்வளவு இடம் கிடக்கு!" அசல் கண்டக்டர் திகைத்துப்போய் என்னிடம் குனிந்து, "சார் யாரும்மா?" என்று கேட்டார்.

"தெரியலப்பா. ஏறினதுலேர்ந்து என் பக்கத்துலயே உக்காந்திருக்கார்" என்றேன்.

நகரத்தில் இறங்கினால், நிலையத்திலிருந்து மியூசியம் ஒரு நல்ல நடை தூரம். வேறு யாராக இருந்தாலும் பேசிக்கொண்டே போய்ச் சேர்ந்திருப்பார்கள். எங்களுக்கோ ஊரையே அன்றைக்குப் பார்த்து ரிவர்ஸ் கியரில் போட்டு வைத்த மாதிரி இருந்தது. முதலில் ஒரு ரொட்டி வேன். அப்புறம் ஒரு தண்ணீர் லாரி. அப்புறம் ஒரு சவ வண்டி. அதற்கும் போய் நின்றுகொண்டு, "இன்னும் வரலாம், தாராளமா வரலாம்" என்கிறார். உள்ளே படுத்திருந்தவருக்கு அவசரமில்லை. எனக்கு இருந்தது.

சாப்பாட்டுக் கடையிலாவது அடங்குவார் என்று பார்த்தேன். ஜன்னலோர மேசை கொடுத்துத் தொலைத்தான் பரிமாறுகிறவன். வெளியே ஒரு கார் நிறுத்த இடம் தேடியது. சாப்பிட்ட கையோடு எழுந்து ஓடினார். அந்தக் காரை ஓட்டிய பெண், சோற்றுக் கையோடு ஒருவர் தன்னை நோக்கிப் பாய்வதைப் பார்த்து, நிறுத்தாமலே போய்விட்டாள்.

"பாரு, இடம் இருந்தும் போறா. நம்பிக்கையே இல்ல இந்தக் காலத்துல."

"எனக்கும் இல்ல" என்றேன். கோபத்தில் நீரைக் குடித்தேன், அதுவும் கொதித்தது.

ஒருவழியாக மியூசியம் இருக்கும் தெருவுக்குள் நுழைந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. தூரத்திலிருந்தே காவலாளி கையசைத்தார். "மூடற நேரம், சீக்கிரம் வாங்க!" ஓட ஆரம்பித்தேன். அப்போதுதான், கண்ணாடிப் பெட்டிகள் ஏற்றிய ஒரு நீள லாரி எங்களைத் தாண்டிப் போய் நின்று, மியூசியம் வாசலுக்குள் பின்பக்கமாக நுழையப் பார்த்தது.

அவர் சட்டையை எட்டிப் பிடித்தேன். பொத்தான் மட்டும் கையில் நின்றது, ஆள் போய்விட்டார்.

"வரட்டும், வரட்டும்! இடது ஒடிச்சு வா! இன்னும் வா!"

பஸ் நீளத்துக்குப் பழகிய கணக்கு அவருடையது. லாரியோ ரயிலின் தங்கச்சி மாதிரி நீளம். பின்பக்கம் வாசல் தூண் ஒன்றில் இடிக்க, முன்பக்கம் தெருவோரச் சுவரில் முட்ட, வாசலின் குறுக்கே கதவு போட்ட மாதிரி லாரி நின்றுவிட்டது. அதற்குப் பிறகு, "போதும், நிறுத்து!" என்றார் என் வீட்டுக்காரர்.

டிரைவர் நிதானமாக இறங்கி வந்தார். "பெரியவரே, நீங்க என்ன வண்டி ஓட்டினீங்க?"

"ஓட்டல. கண்டக்டர்."

"அதான் பாத்தேன்."

"பஸ்ஸா இருந்தா வெண்ணெய்ல கத்தி மாதிரி போயிருக்கும் தம்பி."

"பஸ்ஸா இருந்தா நான் ஏன் சார் இங்க வர்றேன்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த லாரியை ஒற்றைக் கையால் தூக்கி வீசியிருப்பேன். "ஏங்க, ஒண்ணே ஒண்ணு கேட்டேன்! நகை கேட்டேனா, வீடு கேட்டேனா? செத்துப்போன ஒரு மீனோட எலும்பு!"

"மீன் இல்ல, பாலூட்டின்னு நீதானே சொல்லுவ."

அவர் சொன்னது சரி. அதுதான் இன்னும் எரிந்தது.

லாரிச் சக்கரத்துக்கும் இன்னொரு தூணுக்கும் நடுவே ஒரு சந்து தெரிந்தது. மூச்சை இழுத்துப் பிடித்து, கைப்பையை முன்னால் எறிந்துவிட்டு, பக்கவாட்டில் நுழைந்தேன். சேலையில் ஊர்ப்பட்ட கிரீஸ். அவரும் நுழையப் பார்த்தார், வயிறு சம்மதிக்கவில்லை. "நீ போ! நான் இவரை வெளிய எடுத்து விட்டுட்டு வர்றேன்" என்று அங்கிருந்தே கத்தினார்.

"ஐயா, நீங்க சும்மா நின்னாலே எடுத்துடலாம்" என்றது டிரைவரின் குரல்.

கூடத்துக்குள் ஓடினேன். உள்ளே இருந்த காவலாளி ஒரு கோடியிலிருந்து விளக்குகளை அணைத்துக்கொண்டே வந்தார். நான் நிமிர்ந்து பார்த்தபோது தலைப்பக்கம் இருட்டிவிட்டது. வாலில் நாலைந்து எலும்பு தெரிந்தது. கடைசி எலும்பு என் கைப்பை அளவுகூட இல்லை. அதுவும் அணைந்தது.

"ஒரே ஒரு நிமிஷம் போடுங்களேன் சார்."

"நாளைக்கு வாங்கம்மா. அது எங்கயும் நீந்திப் போயிடாது."

அவர் சிரித்தார். நான் திரும்பி நடந்தேன்.

வெளியே வந்தால் லாரி போயிருந்தது. என் வீட்டுக்காரர் தூணோரம், பொத்தான் போன சட்டையோடு, தோற்ற பையன் மாதிரி நின்றார். "பாத்தியா?" என்றார் மெதுவாக.

திட்டியிருக்கலாம். திட்டினால் அவருக்குப் பஸ் ஏறுவதற்குள் ஜீரணமாகிவிடும். "பாத்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன்.

பஸ்ஸில் சத்தமில்லாமல் சீட்டில் உட்கார்ந்து வந்தார். பாதி வழியில் பொறுக்க முடியவில்லை. "எப்படி இருந்துச்சு?"

"சொன்னா நம்ப மாட்டீங்க."

"சும்மா சொல்லு டீச்சரம்மா."

"விலா எலும்பு ஒவ்வொண்ணும் பாலத்து வளைவு மாதிரி. முதுகு இந்தத் தெருக்கோடியில ஆரம்பிச்சா அடுத்த ஊர்ல முடியுது. தாடை இருக்கே, உங்க டிப்போவையே உள்ள தள்ளிக் கதவைச் சாத்தலாம்."

"பஸ்ஸெல்லாம் உள்ள போகுமா?"

"நேரா போனா தாடை இடிக்கும். ரிவர்ஸ்ல விட்டாத்தான் போகும்."

அவ்வளவுதான், மனிதர் சீட்டில் சாய்ந்துவிட்டார். கண்ணை மூடி மனசுக்குள் எத்தனை பஸ்ஸை ஏற்றி இறக்கினாரோ! விடுதி நெருங்கும்போது என் முழங்கையைத் தொட்டார்.

"நாளைக்கு முதல் பஸ்ஸுக்கே போயிடுவோமா?"

"எதுக்குங்க? நான்தான் பாத்தாச்சே. கால் வேற வலிக்குது."

"எனக்காக வாயேன். வழியில எந்த வண்டியையும் ஏறெடுத்துக்கூடப் பாக்க மாட்டேன்."

நன்றாக அலுத்துக்கொண்டேன். "சரி, உங்களுக்காக" என்று சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.