திரித்துவத்துக்கு ஒரு சிம்மாசனம்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய் என்றாலும் என் உளி என் கட்டைவிரலையே செதுக்கட்டும். வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்தே சத்தியம் செய்திருப்பேன். ஆனால் நடந்ததற்குப் பிறகு, அதைத் தொட எனக்கு உரிமை இருக்கிறதா என்று போதகரைத்தான் கேட்க வேண்டும். அந்த வயிற்றெரிச்சலைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் ஆலயத்துக்குத் திரித்துவ ஆலயம் என்று பெயர். புதிதாக வந்த போதகர் சின்ன வயசுக்காரர். இறையியல் படிப்பின் சூடு இன்னும் ஆறவில்லை. பீடத்துக்குப் பின்னால் சுவர் வெறுமையாக இருப்பது அவர் கண்ணை உறுத்தியிருக்கிறது. நேரே என் பட்டறைக்கு வந்துவிட்டார்.

"மேஸ்திரி, திரித்துவத்துக்கு ஒரு சிம்மாசனம் செய்யணும். யாரும் உட்காரப் போறதில்ல. ஆண்டவருக்கு அடையாளமா சும்மா நிக்கணும்."

நாற்காலி செய்கிற எவனும் முதலில் கேட்கிற கேள்வியைத்தான் நானும் கேட்டேன்.

"எத்தனை பேருக்கு, ஐயா?"

விரல்விட்டு எண்ணினார். "பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. மூவர்" என்றார். சொன்னது அவர். இதை மறந்துவிடாதீர்கள்.

அப்போதுதான் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று அறிவிப்பு வாசிக்காமல் கல்யாணம் கிடையாது. வாசிக்க வேண்டியவர் இதே போதகர். மாப்பிள்ளை வீட்டாரோ, பெண் வீட்டில் பூனை இருமினாலும் என்ன நோய் என்று விசாரிக்கிற ரகம். ஆகவே அவர் சொன்னதற்கு மேல் ஒரு ஆணிகூட நான் அடிக்கவில்லை. சபை கொடுத்த தேக்கில் மூன்று நாற்காலிகள் செய்து கொண்டுபோய் வரிசையாக வைத்தேன்.

போதகர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "மேஸ்திரி! மூணு சிம்மாசனம்னா மூணு கடவுள் ஆயிடாதா? கடவுள் ஒருத்தர்தானே!"

"நீங்கதானே ஐயா மூவர்னீங்க?"

"ஆள்தான் மூவர். கடவுள் ஒருவர்."

சரி, ஒருவர் என்றால் தலைவர் என்று ஒருவர் இருப்பார். அலுவலகத்திலேயே மேலாளர் நாற்காலிக்கு முதுகு உயரமாக இருக்கிறதே. நடு நாற்காலியை உயர்த்தி, மற்ற இரண்டின் காலைக் கொஞ்சம் குறைத்தேன். இந்தத் தடவை சபைச் செயலாளரும் கூட வந்திருந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். யார் தப்பு செய்தாலும் முகம் மலர்ந்துவிடும் அவருக்கு.

"பாத்தீங்களா போதகரே, குமாரனைத் தாழ்த்திட்டார்! ஆயிரத்தெழுநூறு வருஷத்துக்கு முன்னாலயே ஒருத்தன் இப்படிச் சொல்லி சபையை விட்டே வெளிய போனான்."

எவனோ செத்துப்போனவன் செய்த தப்புக்கு நான் ஏன் ஐயா இழைக்கணும்? வாயை மூடிக்கொண்டு மூன்றையும் இணைத்து ஒரே பெஞ்சாக்கினேன். ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு கடவுளா என்று வாத்தியார் கேட்டார். பெஞ்சை அறுத்து ஒரே நாற்காலியாக்கி, "மாத்தி மாத்தி உட்காரட்டும், ஷிப்ட் மாதிரி" என்றேன். ஒரே ஆள் மூன்று வேஷம் போடுகிறாரா என்று போதகர் கேட்டார். அதற்கும் ஒரு பழைய ஆள் இருந்தானாம், அவனையும் துரத்தினார்களாம். எனக்கென்று சொந்தமாக ஒரு தப்பைக்கூட இவர்கள் மிச்சம் வைக்கவில்லை!

"இனிமே தப்பா செஞ்சீங்கன்னா உங்க விசுவாசத்தையே சபைக் குழு விசாரிக்க வேண்டியிருக்கும். அதுவரைக்கும் அறிவிப்பை எப்படி வாசிக்கிறது?" என்றார் போதகர்.

என் வீட்டுக்காரி விஷயம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஊர்ல உள்ளவன் கட்டில் பீரோன்னு செய்றான். இந்த மனுஷன் கடவுளுக்கே அளவெடுக்கப் போயிட்டார்!"

மிச்சமிருந்த கட்டையில் ஒரு முக்காலிக்குத்தான் மரம் தேறியது. அதைச் செய்துகொண்டிருக்கும்போதே வாத்தியார் பட்டறைக்கு வந்து என்னை மடக்கினார். "மூணு காலும் சேர்ந்தாத்தான் முக்காலி. ஒத்தைக் காலை மட்டும் முக்காலின்னு சொல்வீரா? ஆனா பிதா முழுக் கடவுள், குமாரன் முழுக் கடவுள், ஆவியும் முழுக் கடவுள். அப்பவும் கடவுள் ஒருத்தர். அப்படி ஒண்ணு செஞ்சு காட்டுமே பாப்போம்!"

எனக்கு ரத்தம் கொதித்தது. கோபத்தில் இழைத்தால் மரம் சொன்னபடி கேட்கும். இது எல்லாத் தச்சனுக்கும் தெரிந்தது. இழைத்தேன். எப்படி என்று கேட்காதீர்கள், தொழில் ரகசியம்.

மறுநாள் குழுவின் முன்னால் அந்த முக்காலியை வைத்தேன். ஒரு காலைக் கழற்றினேன், நின்றது. இன்னொன்றையும் கழற்றினேன், அப்போதும் அசையாமல் நின்றது. கழற்றிய காலைத் தரையில் வைத்தேன். அதுவும் முழு முக்காலி. ஆனால் வேறொரு முக்காலி இல்லை, அதே முக்காலி. போதகர் ஒன்றில் உட்கார்ந்தார், வாத்தியார் அறையின் அந்தக் கோடியில் மற்றொன்றில் உட்கார்ந்தார்.

"ஐயா, கொஞ்சம் நகருங்க, தொடை வலிக்குது!" என்றார் வாத்தியார்.

"நீங்கதான் என் மடியில உட்கார்ந்திருக்கீங்க!" என்றார் போதகர்.

குழுவில் ஒருவர் அழுதேவிட்டார். "எனக்குப் புரிஞ்சிடுச்சு, எனக்குப் புரிஞ்சிடுச்சு!" என்று கத்தினார். நானும் அறிவிப்பு எந்த ஞாயிறு என்று கேட்க வாயெடுத்தேன்.

போதகர் எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. "இதுதான் இருக்கிறதுலயே பெரிய தப்பு. கடவுள் மனுஷனுக்கு முழுசா புரிஞ்சிட்டார்னா அது கடவுளே இல்ல. இதை உடைச்சு அடுப்புல வைங்க. ஞாயித்துக்கிழமை சபை முன்னால நின்னு 'எனக்குப் புரியல'ன்னு சொல்லுங்க. அப்புறம் அறிவிப்பு."

நியாயத்தைப் பாருங்கள்! புரியாமல் செய்தபோது புரியவில்லை என்று திட்டினார்கள். புரியும்படி செய்தால் ஏன் புரிந்தது என்று தண்டனை! சொல்லவே மாட்டேன் என்று உளியைத் தரையில் வீசிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

கல்யாணப் புடவைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள் மகள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அப்பா, சொல்லிடுங்க."

"அம்மாடி, அது பொய்யில்லையா? எனக்குத்தான் புரிஞ்சிடுச்சே!"

"உங்களுக்கு ஒண்ணும் புரியாதுன்னு அம்மா தினமும் அடுப்படியில இருந்து கத்துறாங்க, தெருவே கேக்குது. அதை ஒரு நாள் சர்ச்ல சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?" நூலைப் பல்லால் கடித்தாள். "முக்காலி ஜெயிக்கணுமா, நான் கல்யாணம் பண்ணிக்கணுமா?"

முக்காலி அன்றைக்கே அடுப்புக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றேன். பெண்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் புரியல" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

பின்வரிசையில் ஒரு கிழவர், "எனக்கும்தான்" என்றார். பியானோ வாசிக்கிற அம்மா, "நானும் கேக்கணும்னு இருந்தேன்" என்றாள். மாப்பிள்ளையின் அம்மா, "நான் மட்டும்தான்னு நெனச்சேன்!" என்று எழுந்தே நின்றாள். கடைசியில் வாத்தியார்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கணக்கு எனக்கும் சரியா வரல" என்று முணுமுணுத்தார். போதகர் எல்லாரையும் பார்த்துப் புன்னகைத்து, "ஆமென்" என்றார்.

இவர்கள் யாராவது ஒரு குச்சியை இழைத்தார்களா? யாருடைய பெண்ணின் கல்யாணமாவது நின்றதா? இத்தனை பேருக்கும் ஓசியில் புரியவில்லை. எனக்கு மட்டும் ஒரு வண்டித் தேக்கு செலவாகிப் புரியவில்லை. ஒருவன்கூட என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை.

அறிவிப்பை அன்றே வாசித்தார்கள். கல்யாணமும் குறையில்லாமல் நடந்தது. பீடத்துக்குப் பின்னால் சுவர் இன்றைக்கும் வெறுமையாகத்தான் இருக்கிறது. மகள் எப்போது வந்தாலும் "என்னப்பா, புரிஞ்சிடுச்சா?" என்று கேட்டுச் சிரிக்கிறாள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

கட்டைவிரலில் இந்தக் கட்டு ஏது என்று கேட்கிறீர்களா? எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.